குடியானவர் கைபேசியைக் காக்கும் முறைகள்

விருதுநகர் மாவட்டம் சிவகாசி வட்டத்தைச் சேர்ந்த எம். புதுப்பட்டியும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களும் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையை நம்பியே மானாவாரி நிலங்களில் விதைப்பு நடைபெறுகிறது. மழை குறைந்த ஆண்டுகளில் குடும்பத்தில் ஒருவரிருவர் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ சென்று ஈட்டும் கூலியே விதைக்கும் உரத்திற்கும் துணையாகிறது. இத்தகைய பிரதேசத்தில் விதைப்புக்கென ஒதுக்கிய பணம் சிறு தொகையாயினும், ஈரம் காய்வதற்குள் அது கையில் இல்லாவிடில் ஒரு போகமே வீணாகிவிடும் என்பது அனுபவமுள்ள விவசாயிகள் யாவரும் அறிந்ததே.

முற்காலத்தில் அப்பணம் மரப்பெட்டியில் இருந்தது. பெட்டிக்குப் பூட்டும் இருந்தது. இக்காலத்தில் அது வங்கிக் கணக்கில் இருக்கிறது. அக்கணக்கைத் திறக்கும் சாவியோ சட்டைப் பையிலுள்ள கைபேசியில் இருக்கிறது. பெட்டியைப் பூட்டத் தவறாத குடியானவர்களில் பலர் கைபேசியைப் பூட்டாமலே வைத்திருக்கின்றனர். பூட்டு வெளியில் விலைக்கு வாங்க வேண்டியதன்று. கைபேசியின் ‘செட்டிங்ஸ்’ என்னும் பகுதியிலேயே அது அமைந்திருக்கிறது. அதை உபயோகிக்கும் முறைகளை விவரிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைபேசியில் அடங்கியுள்ள சொத்து

மத்திய அரசு 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிவைத்த பி.எம். கிசான் திட்டத்தின்படி, தகுதியுள்ள விவசாயக் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் நேரே செலுத்தப்படுகிறது. தமிழக அரசு 2018இல் வெளியிட்ட ‘உழவன்’ செயலியில் மானியத் திட்டங்கள், சந்தை விலை, வானிலை முதலிய விவரங்களை அறியலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றின் விவரங்களை ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் பெறலாம். கைபேசியாலேயே பம்புசெட் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவிகள் பல கிணறுகளில் பொருத்தப்பட்டுள்ளன. பணம் அனுப்பும் யு.பி.ஐ. முறை 2016இல் தோன்றிய பின்னர், விதைக் கடை முதல் தேநீர்க் கடை வரை கைபேசியே பணப்பையாகவும் ஆயிற்று.

இவற்றிற் பலவற்றிற்குப் பொதுவான ஒரு வாயில் உண்டு. அது வங்கியோ அரசோ குறுஞ்செய்தியாக அனுப்பும் ‘ஓ.டி.பி.’ என்னும் ஒருமுறை எண்ணாகும். அந்த எண்ணை எவன் படிக்கிறானோ அவனையே கணக்கின் உரியவனாக வங்கியின் இயந்திரம் கருதிக்கொள்ளும். ஆகவே கைபேசியைக் காப்பது என்பது முக்கியமாக அதற்கு வரும் குறுஞ்செய்திகளைப் பிறர் படிக்க வொட்டாமல் காப்பதேயாகும்.

தீங்கு நேரும் விதம்

கைபேசிக்குத் தீங்கு இரண்டு வழிகளில் நேருகிறது. ஒன்று, கைபேசி களவு போதல் அல்லது பிறர் கையில் அகப்படுதல். மற்றொன்று, கைபேசி உரியவரின் கையிலேயே இருக்க, அதனுள் தீய செயலி புகுந்துகொள்ளுதல்.

முதல் வழி யாவருக்கும் தெரிந்ததே. எனினும் இப்பகுதியில் அதற்கு ஒரு விசேஷக் காரணமும் உண்டு. பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து உள்ள இடங்களுக்குக் கைபேசி கொண்டுசெல்வது தடை செய்யப்பட்டிருக்கிறது. இத்தடை உயிரைக் காப்பது, மீறத் தகாதது. ஆனால் அதன் பலனாகத் தொழிலாளியின் கைபேசி காலை முதல் மாலை வரை அவர் கையை விட்டு நீங்கி, வீட்டிலோ ஆலை வாயிலிலோ வண்டிப் பெட்டியிலோ கிடக்கிறது. பூட்டப்படாத கைபேசியை எடுத்துப் பார்க்க அந்தப் பொழுது தாராளமாகப் போதும்.

இரண்டாம் வழியே இக்காலத்தில் பெருகி வருவது. பி.எம். கிசான் பெயரால் வாட்ஸ்அப் மூலம் பரவிய போலிச் செயலியைக் குறித்துத் தமிழ்நாடு காவல் துறையின் சைபர் குற்றப் பிரிவு 2024ஆம் ஆண்டில் பொதுமக்களை எச்சரித்தது. இத்தகைய மோசடி நடைபெறும் வகை பின்வருமாறு. தவணைப் பணத்தை மக்கள் எதிர்நோக்கியிருக்கும் சமயத்தில், ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோப்பு வருகிறது. அதனைத் திறந்து விவரம் பதியாவிடில் தவணை நின்றுபோகும் என்ற குறிப்பும் உடன் வருகிறது. கோப்பின் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடிகிறது. அனுப்பியவரோ தெரிந்த மனிதர். பெரும்பாலும் அவருடைய கைபேசி முன்னமே கெட்டுப் போய், அவர் அறியாமலே அதனை எல்லோருக்கும் அனுப்பியிருக்கும். கோப்பைத் தொட்டவுடன், ‘அறியாத இடத்திலிருந்து செயலியை நிறுவ அனுமதிக்கலாமா?’ என்று கைபேசி கேட்கிறது. அனுமதித்ததும், ‘குறுஞ்செய்திகளைப் படிக்க இச்செயலியை அனுமதிக்கலாமா?’ என்று மறுபடியும் கேட்கிறது. அதற்கும் இசைந்துவிட்டால், அதன்பின் வரும் ஓ.டி.பி. எல்லாம் தொலைவிலுள்ள மோசக்காரனுக்கும் சென்று சேர்ந்துவிடும்.

இங்கே கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. கைபேசி இரண்டு முறை எச்சரித்தது. இரண்டு முறையும் உரியவரே வாயிலைத் திறந்துவிட்டார். ஆகவே எச்சரிக்கையின் பொருளை அறிந்துகொள்வதே பரிகாரத்தின் முதற்படி.

தடுப்பு முறைகள்

கீழ்க்கண்டவை ஆண்ட்ராய்டு வகைக் கைபேசிகளுக்குரியவை. கம்பெனிக்குக் கம்பெனி தலைப்புகளின் பெயரும் வரிசையும் சிறிது மாறக்கூடும். செட்டிங்ஸின் மேற்பகுதியிலுள்ள தேடும் கட்டத்தில் வேண்டிய சொல்லை எழுதினால் உரிய இடம் தோன்றும். ஆங்கிலம் பழகாதவர்கள் முதலில் ‘மொழி’ என்னும் பகுதியில் தமிழைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நலம். அப்போது எச்சரிக்கைகளும் பெரும்பாலும் தமிழிலேயே வரும்.

1. திரைப் பூட்டு: ‘பாதுகாப்பு’ அல்லது ‘திரைப் பூட்டு’ என்னும் தலைப்பில் ஆறு இலக்கமுள்ள பின் எண்ணை அமைக்க வேண்டும். பிறந்த ஆண்டு, வண்டி எண், 123456 போன்றவை உதவா. புள்ளிகளை இணைத்து வரையும் கோலப் பூட்டு, விரல் பட்ட தடத்தைத் திரையில் விட்டுச் செல்வதால் அவ்வளவு சிலாக்கியமன்று. கைரேகைப் பூட்டு சௌகரியமானது. ஆயினும் மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்களிலும், மருந்து படிந்து தேய்ந்த விரல்களிலும் ரேகை சரியாகப் பதியாமற் போவதுண்டு. அத்தகையோர் இரு கைகளிலும் தேய்வு குறைந்த விரல்களைப் பதிந்துகொள்ளலாம். கைரேகை இருந்தபோதிலும், கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கும்போது பின் எண் அவசியம் வேண்டியிருக்கும். ஆதலால் அதை மறக்கலாகாது.

திரை தானே அணைந்து பூட்டிக்கொள்ளும் நேரத்தை 30 விநாடியாகக் குறைத்துவைக்க வேண்டும். அன்றியும், பூட்டிய திரையின் மேல் குறுஞ்செய்தியின் வாசகம் தோன்றாதபடி ‘அறிவிப்புகள்’ பகுதியில் மறைத்துவைக்க வேண்டும். இதைச் செய்யாவிடில், பூட்டைத் திறவாமலே ஓ.டி.பி.யைப் படித்துவிடலாம். கதவைப் பூட்டிச் சாவியை வாசற்படியில் வைத்ததற்கு அது ஒப்பாகும்.

2. சிம் பூட்டு: கைபேசி பூட்டியிருந்தாலும், திருடன் அதிலுள்ள சிம் அட்டையைக் கழற்றி வேறொரு கைபேசியில் இட்டால் ஓ.டி.பி. அங்கே போய்விடும். இதைத் தடுக்க ‘சிம் பூட்டு’ என்னும் அமைப்பு இருக்கிறது. இதை இயக்கினால், சிம்மை வேறு கைபேசியில் இட்டபோதும், கைபேசியை அணைத்து இயக்கும்போதும் சிம்முக்குரிய பின் எண் கேட்கப்படும்.

இம்முறையைக் கையாள்வதில் ஜாக்கிரதை வேண்டும். முதலில் தொலைபேசிக் கம்பெனி அந்தச் சிம்முக்கு வைத்திருக்கும் ஆரம்பப் பின் எண்ணை அக்கம்பெனியிடம் கேட்டறிந்து, பின்னரே மாற்ற வேண்டும். ஊகித்து மூன்று முறை தவறாக இட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். அதன்பின் கம்பெனி தரும் ‘பி.யு.கே.’ எண்ணாலன்றித் திறவாது. அந்த எண்ணையும் பத்து முறை தவறாக இட்டால் சிம் அடியோடு பயனற்றுப் போகும்.

3. அறியாத இடத்துச் செயலிகளைத் தடுத்தல்: முறைகள் யாவற்றிலும் இதுவே தலையாயது. அறியாத செயலிகளை நிறுவும் அனுமதி என்னும் பகுதியைச் செட்டிங்ஸில் தேடித் திறந்தால், வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் முதலியவற்றின் பட்டியல் தோன்றும. ஒவ்வொன்றிற்கும் நேரே ‘அனுமதி இல்லை’ என்றிருக்க வேண்டும். ஒன்றுக்கேனும் அனுமதி அளிக்கப்பட்டிருந்தால் உடனே நீக்கிவிட வேண்டும்.

விதை வாங்கும் விவசாயி சான்று விதையின் நீல அட்டையைப் பார்த்து வாங்குகிறார். சந்தையில் அட்டையின்றிக் கொட்டி விற்கும் விதையை நம்பி ஒரு பருவத்தைப் பணயம் வைப்பதில்லை. செயலிகளுக்கு அவ்வாறு சோதனை நடைபெறும் இடம் ‘ப்ளே ஸ்டோர்’ ஆகும். உழவன் செயலியும் பி.எம். கிசான் செயலியும் அங்கேயே கிடைக்கின்றன. அரசு இலாகா எதுவும் தன் செயலியை வாட்ஸ்அப் கோப்பாக வீட்டுக்கு வீடு அனுப்புவதில்லை. சான்று விதையிலும் சில சமயம் கலப்பு நேர்வதுபோல, ப்ளே ஸ்டோரிலும் போலிகள் புகுவதுண்டு. ஆதலால் செயலியை வெளியிட்டவர் பெயரைப் படித்துப் பார்த்தே இறக்கிக்கொள்ள வேண்டும்.

4. அனுமதிகளைச் சோதித்தல்: வயலில் களை பார்ப்பதுபோல மாதம் ஒருமுறை ‘அனுமதி மேலாளர்’ என்னும் பகுதியைப் பார்வையிட வேண்டும். அங்கே ‘எஸ்.எம்.எஸ்.’ என்பதைத் தொட்டால், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி பெற்ற செயலிகள் யாவும் தெரியும். கைபேசியோடு வந்த செய்திச் செயலியும், வங்கி மற்றும் யு.பி.ஐ. செயலிகளும் அங்கே இருக்கலாம். டார்ச்சு விளக்குக்கும் விளையாட்டுக்கும் கடன் தரும் செயலிக்கும் அங்கே இடமில்லை.

இதைக் காட்டிலும் அபாயமானவை மூன்று உள. அவை ‘அணுகல்தன்மை’, ‘அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி’, ‘சாதன நிர்வாகி’ என்பன. பார்வைக் குறைவு முதலியவற்றால் வருந்துவோருக்கு உதவவே அணுகல்தன்மை என்னும் வசதி ஏற்பட்டது. தீய செயலி அதைப் பெற்றுவிட்டால் திரையில் உள்ளதைப் படிக்கவும், உரியவருக்குப் பதிலாகத் தானே பொத்தானை அழுத்தவும் அதனால் முடியும். இம்மூன்றிலும் பெயர் தெரியாத செயலி எதுவும் இருத்தலாகாது.

5. சோதனையும் புதுப்பித்தலும்: ப்ளே ஸ்டோரில் உரியவர் படத்தைத் தொட்டால் ‘ப்ளே புரொடெக்ட்’ என்னும் பகுதி உண்டு. அது நிறுவப்பட்ட செயலிகளைச் சோதித்துத் தீயவற்றைக் காட்டும். அதை அணைத்துவிடும்படி எவரேனும் யோசனை சொன்னால், அவர் சொல்வதில் மோசம் இருக்கிறதென்று கொள்ளலாம். ‘மென்பொருள் புதுப்பிப்பு’ வந்தால் காலந்தாழ்த்தாது ஏற்றுக்கொள்ள வேண்டும். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அதனாலேயே அடைக்கப்படுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கைபேசிகளுக்குப் புதுப்பிப்பு நின்றுபோவதுண்டு. அவற்றைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் வைத்துக்கொண்டு, பணப் போக்குவரத்தை வேறு கைபேசியில் நடத்துவதே உத்தமம்.

6. களவுக்கு முன்னேற்பாடு: கூகுள் பகுதியில் கைபேசியைத் தேடிக் கண்டறியும் வசதியை இயக்கிவைத்தால், களவுபோன பின் வேறொரு கைபேசியிலிருந்து இருப்பிடம் பார்க்கவும், பூட்டவும், உள்ளிருப்பதை அழிக்கவும் இயலும். இதற்குக் கூகுள் கணக்கின் கடவுச்சொல் உரியவருக்கு நினைவிருக்க வேண்டும். கடைக்காரரே கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருந்தால் கடவுச்சொல்லை உடனே மாற்றிக்கொள்வது அவசியம். மேலும் *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, கைபேசி வாங்கிய ரசீதுடன் எழுதி, பட்டா முதலிய பத்திரங்களோடு வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் ஆட்சேபம்

வீட்டில் ஒரே கைபேசியைப் பலரும் உபயோகிக்கையில் பூட்டு இடையூறாகும் என்று சிலர் கூறுவர். இது நியாயமான ஆட்சேபமே. இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. குடும்பத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு மட்டும் பின் எண்ணைத் தெரிவித்து வைக்கலாம். பிள்ளைகளிடம் கொடுக்கும்போது, ‘செயலியைப் பின் செய்தல்’ என்னும் அமைப்பால் ஒரே ஒரு செயலி மட்டும் திறந்திருக்கும்படி செய்யலாம். மற்றவற்றிற்குப் போகப் பின் எண் வேண்டும். எவ்வாறாயினும் யு.பி.ஐ. பின் எண் திரைப் பூட்டின் எண்ணிலிருந்து வேறாக இருக்க வேண்டும். யு.பி.ஐ. பின் எண் பணம் அனுப்புவதற்கே தேவை. பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. பணம் வரவு வைப்பதாகக் கூறி அதைக் கேட்பவன் எவனாயினும் வஞ்சகனே.

கைபேசி கெட்டதற்கு அறிகுறிகள்

உபயோகியாத வேளையிலும் கைபேசி சூடேறி மின்கலம் விரைவில் தீர்தல், நிறுவிய செயலியின் சின்னம் திடீரென மறைதல், கேளாமலே ஓ.டி.பி. வருதல், தம் பெயரால் பிறருக்குக் கோப்புகள் போய்ச் சேர்தல், ஊரில் எல்லோருக்கும் சிக்னல் இருக்கத் தம் சிம்மில் மட்டும் நெடுநேரம் அற்றுப்போதல் ஆகியவை அறிகுறிகளாம். இவற்றுள் முதலாவது பழைய மின்கலத்தாலும் நேரக்கூடும். மற்றவற்றை அலட்சியம் செய்தலாகாது.

தீங்கு நேர்ந்தபின் செய்யத்தக்கவை

முதலாவதாக, இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். ‘விமானப் பயன்முறை’ என்னும் பொத்தானை அழுத்தினால் அது உடனே துண்டிக்கப்படும். இரண்டாவதாக, பணம் போயிருப்பின் தாமதமின்றி வேறொரு கைபேசியிலிருந்து 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லி, வங்கிக்கும் அறிவிக்க வேண்டும். போன பணம் பல கணக்குகளுக்குக் கைமாறி வெளியே எடுக்கப்படுவதற்குமுன் அதனை நிறுத்திவைக்கவே இந்த ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. வாய்க்கால் உடைந்தால் முதல் நாழிகையில் ஒரு கூடை மண் செய்யும் வேலையை, மறுநாள் ஒரு வண்டி மண்ணும் செய்யாது. பின்னர் மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்திலோ, மாவட்டச் சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ, எம். புதுப்பட்டி போன்ற உள்ளூர்க் காவல் நிலையத்திலோ புகாரை எழுத்தில் பதிய வேண்டும்.

தாமதத்தால் நேரும் நஷ்டத்திற்கு மற்றொரு காரணமும் உண்டு. ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையில், வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்திற்கு, வங்கிக்கு அறிவிக்கும் வரையில் அவரே பொறுப்பு என்றும், அறிவித்த பின் நேரும் நஷ்டத்திற்கு வங்கி பொறுப்பு என்றும் கூறப்பட்டது. வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குடியானவருக்கே பாதகமாகும். ஏமாந்தது குற்றமன்று.

மூன்றாவதாக, தீய செயலியை நீக்க வேண்டும். சாதாரண முறையில் நீங்காவிடில், அணைக்கும் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் ‘பாதுகாப்புப் பயன்முறை’யில் இயக்கி, சாதன நிர்வாகி அனுமதியை எடுத்துவிட்டு நீக்கலாம். ஐயம் எஞ்சியிருந்தால், படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, கைபேசியை முழுதும் அழித்துப் புதிதாக அமைப்பதே நிச்சயமான பரிகாரம். பின் எண்களையும் கடவுச்சொற்களையும் வேறொரு நல்ல கைபேசியிலிருந்து மாற்றிவிட வேண்டும்.

கைபேசி களவு போயிருந்தால், சிம்மை நிறுத்திவைத்து மாற்றுச் சிம் பெற்று, காவல் நிலையப் புகாரின் நகலுடன், மத்திய தொலைத்தொடர்பு இலாகா 2023ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்தால், அந்தக் கைபேசி இந்தியாவின் எந்தத் தொலைபேசிக் கம்பெனியின் சிம்மிலும் இயங்காதபடி தடுக்கப்படும்.

கிராம உத்தியோகஸ்தர் கவனத்திற்கு

கிராம நிர்வாக அலுவலர், வேளாண்மை அலுவலர், கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளர் ஆகியோரின் கைபேசியில் தம் பணம் மட்டுமன்றி ஊராரின் ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா ஆகியவற்றின் படங்களும் வந்து குவிகின்றன. ஆதலால் அவர்கள் பொறுப்பு இரட்டிப்பாகிறது. வேலை முடிந்ததும் அப்படங்களை அழித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘இரட்டைச் சரிபார்ப்பு’ என்னும் அமைப்பை இயக்கினால், ஓ.டி.பி.யைத் திருடியவனும் ஆறு இலக்கப் பின் எண்ணின்றி அவர்கள் கணக்கைக் கைப்பற்ற இயலாது. அறிவிப்புக்கென ஏற்பட்ட ஊர்க் குழுக்களில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பும்படி அமைத்துவிட்டால், கெட்டுப்போன ஒரு கைபேசியிலிருந்து ஊர் முழுதும் கோப்பு பரவுவது தடைபடும்.

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபைக்கென வகுக்கப்பட்டுள்ளன. அத்தகைய நாளொன்றில் சற்று நேரம் ஒதுக்கி, அனுபவமுள்ள இளைஞர் இருவரைக் கொண்டு, வந்திருப்போர் கைபேசிகளில் மேற்கூறிய மூன்றாம், நான்காம் முறைகளையேனும் அவரவர் கையாலேயே செய்வித்தல் பெரும் பயன் தரும். பின் எண்ணை மட்டும் இளைஞர் உட்பட எவருக்கும் காட்டலாகாது.

முடிவுரை

இம்முறைகள் யாவற்றையும் செய்து முடிக்க ஒரு மாலைப் பொழுது போதும். புதுப்பிப்புக்குச் செல்லும் இணையச் செலவு தவிர வேறு செலவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாதவர்கள் திரைப் பூட்டை அமைத்தல், வாட்ஸ்அப் வழியாகச் செயலி நிறுவும் அனுமதியை நீக்குதல், எஸ்.எம்.எஸ். அனுமதிப் பட்டியலைப் பார்த்தல் என்னும் மூன்றையேனும் இன்றே செய்துகொள்வாராக. 1930 என்னும் எண்ணை வீட்டுச் சுவரிலும் எழுதிவைப்பாராக. மழையை வரவழைப்பது மனிதர் கையில் இல்லை. மழை பெய்த அன்று விதைக்கான பணம் கணக்கில் இருக்கும்படி காத்துக்கொள்வது அவரவர் கையில் இருக்கிறது.